கலம்பகம் காட்டும் வழி

மல்லிகையும் மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் ஒரே நாரில் தொடுக்கப்பட்டால் அதனைக் கதம்பம் என்கிறோம். வேளச்சேரிக் கடைத்தெருவிலும் மயிலை மாடவீதியிலும் இச்சொல் இன்றும் மணக்கிறது. இதே பொருளில் வழங்கிய பழஞ்சொல் கலம்பகம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் தம் திருப்பள்ளியெழுச்சியில் பன்மலர் மாலையைக் கலம்பகம் என்றே குறிக்கிறார். மாலைக்கு வழங்கிய பெயர் பாமாலைக்கும் ஆயிற்று. பல பாவும் பல பொருளும் விரவிய சிற்றிலக்கியம் கலம்பகம் எனப்பட்டது.

இவ்வளவு எளிய சொல்லையும் புலவர் சிலர் விட்டு வைத்தாரில்லை. கலம் என்றால் 12 மரக்கால். பகம் என்றால் பகவானின் 6 குணங்கள். இரண்டும் கூடினால் 18. கலம்பகத்தின் உறுப்புகளும் 18. ஆகவே இதுவே பெயர்க்காரணம் என்றனர்! நெல் அளக்கும் கணக்கையும் ஆண்டவன் குணக் கணக்கையும் கூட்டிச் சொல்லாராய்ச்சி செய்த விந்தையைப் பாரீர்! வேறு சிலரோ, வடமொழிக் கதம்பகமே கலம்பகம் எனத் திரிந்தது என்றனர். கல என்னும் வேரிலிருந்து கலவை, கலப்பு, கலங்கல் என ஒரு குடும்பமே தமிழில் தழைத்திருக்க, கலம்பகத்துக்கு மட்டும் அயலில் தாய் தேடுவானேன்?

ஊர்ப் பெயருக்கும் இந்நோய் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெளிச்சேரி என நிற்கும் வேளச்சேரியை, வேதசிரேணி என்பதன் திரிபாக்கிவிட்டது தலபுராணம். கல் ஒன்று சொல்கிறது. கதை வேறு சொல்கிறது. பகுத்தறிவாளர் எதனை நம்புவது?

சொல்லின் பிறப்பு மட்டுமன்று, அதன் வாழ்வும் நமக்குப் பாடம். பாட்டியல் நூல்கள் கலம்பகத்துக்கு வகுத்த அளவைக் காணுங்கள்: தேவர்க்கு 100 பாடல், அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. அவர்க்கும் கீழே தள்ளப்பட்ட உழைப்பாளிக்கு? எண்ணே இல்லை! பாவினங்களையும் அவர்கள் விடவில்லை. வெண்பா அந்தணர்க்காம், ஆசிரியப்பா அரசர்க்காம், கலிப்பா வணிகர்க்காம், வஞ்சிப்பா வேளாளர்க்காம். யாப்புக்கும் சாதி! பாட்டுக்கும் படிக்கட்டு!

ஆனால் கலம்பகம் என்ன செய்தது? பிரித்து வைத்த பாக்களை ஒரே நூலில் பிணைத்தது. நமக்குக் கிடைத்துள்ள முதற் கலம்பகம் நந்திக் கலம்பகம். 9ஆம் நூற்றாண்டில், தெள்ளாற்றில் வென்ற பல்லவன் மூன்றாம் நந்திவர்மனைப் பாடுவது. அவனை மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாகக் காட்டுவது. அரசர்க்கு 90 என்ற வரம்பையும் மீறி, 100க்கு மேற்பட்ட பாடல்களோடு அது நமக்குக் கிடைத்திருக்கிறது. விதி ஏட்டில் நின்றது. கலை தன் வழியே நடந்தது!

கலம்பகத்தின் உறுப்புகளில் குறம் உண்டு, குறத்தி பேசுகிறாள். பாண் உண்டு; பாணன் வருகிறான். களி உண்டு, கள்ளுண்டவன் களிக்கிறான். மறம் உண்டு, தன் மகளை மணம் பேச மன்னன் அனுப்பிய தூதனை மறவன் சினந்து விரட்டுகிறான். எண்ணிக்கைப் பட்டியலில் இடம் பெறாதோர், நூலுக்குள்ளே குரல் பெற்றனர். பாட்டுடைத் தலைவன் மன்னன்தான். ஆயினும் அவனை எதிர்த்துப் பேசும் குடிமகனுக்கும் அங்கே இடம் இருந்தது.

கலப்பு என்றால் கேடு என்று கற்பித்தது மனுநீதி. வருணம் கலந்தால் உலகம் கெடும் என்று மிரட்டியது. மலர் கலந்தால் மாலை, பா கலந்தால் இலக்கியம் என்று போற்றியவர்களே, மனிதர் கலந்தால் மட்டும் மானம் போயிற்று எனக் குமுறுவது என்ன நியாயம்? புரோகிதரின்றி நிகழும் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணாவின் அரசு சட்ட ஏற்பு அளித்தது. எனினும் சாதி கடந்து மணந்த இளையோரை உற்றாரே கொல்லும் கொடுமை இன்னும் ஓயவில்லை. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளம் இன்னும் தாழிட்டுக் கிடக்கிறது.

தோழர்களே! கலப்புமணம் என்பதை இழிசொல்லாக வீசுவோர்க்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. கலம்பகத்தைப் படிப்போம், பிறர்க்கும் படித்துக் காட்டுவோம். கலத்தல் தமிழுக்குப் புதிதன்று; பிரித்தலே இடையில் புகுந்த நோய்!