மலைக்கு மேலே வேறு காசு!

எங்கள் பொட்டிபுரத்துக்கு மேற்கே தெரியும் ஏலமலை 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானம். அதற்கென்று தனிக் காசு இருந்தது!

கீழே போடியில் 1 ரூபாய்க்கு 16 அணா. மேலே 16 காசு 1 சக்கரம், 4 சக்கரம் 1 பணம், 7 பணம் 1 ரூபாய். ஆம், 'பணம்' என்பதே ஒரு நாணயத்தின் பெயர்!

திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½. பெயர் ஒன்றுதான், மதிப்பில் அரைச் சக்கரம், அதாவது 8 காசு வித்தியாசம்.

பழைய வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. குழிகள் உள்ள மரப்பலகையில் கொட்டித்தான் எண்ணுவார்கள்.

1957 ஏப்ரல் 1-ல் அணாவும் போய் 100 நயா பைசா வந்தது.

தாத்தா பெட்டியில் சங்கு போட்ட காசு கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். ஏலத்தோட்டத்தில் உழைத்து வாங்கிய கூலியாக இருக்கலாம்!