காரைக்கால் கடற்கரையில் பதனப்பொருளும் தோல் ஒவ்வாமையும்: முந்திரித்தோட்டு எண்ணெய் முதல் சுவர்ப்பூச்சு வரை

பதனப்பொருள்களால் விளையும் தோல் ஒவ்வாமையின் வரலாற்றைத் தொழிற்சாலை வேதிப்பொருள்களிலிருந்து தொடங்குவது வழக்கம். இந்தியக் கடற்கரைகளுக்கு அத்தொடக்கம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. மரப்படகு அரிபடாமலும் பருத்தி வலை இற்றுப்போகாமலும் இருக்க முந்திரித்தோட்டு எண்ணெய் பூசும் வழக்கம் இக்கரைகளில் இருந்துள்ளது. முந்திரி, போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொணர்ந்த மரம். காரைக்காலுக்கு வடக்கே பண்ருட்டி வட்டாரம் இன்று அதற்குப் பெயர்பெற்றது.

அவ்வெண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் சேராங்கொட்டைச் சாற்றின் பொருள்களுக்கு நெருங்கிய உறவின. சேராங்கொட்டையைச் சுத்தி செய்த பின்னரே மருந்தில் சேர்க்கவேண்டும் என்னும் சித்த மருத்துவ விதி, இவ்வினப் பொருள்களின் கடுமையை முன்னோர் அறிந்திருந்தமைக்குச் சான்று. முந்திரி உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வதையும் வெறும் பழக்கமென்று ஒதுக்காமல் தொழிற்பாதுகாப்பு என்றே கொள்ளவேண்டும்.

எனினும் தோலைச் சுடுவது வேறு, ஒவ்வாமை வேறு. முன்னது தொட்ட எவரையும் தாக்கும். பின்னது ஏற்கெனவே அப்பொருளுக்குக் கூருணர்வு பெற்ற உடலில், மீண்டும் தொட்ட ஓரிரு நாளில் தோன்றும். முந்திரித்தோட்டு எண்ணெய் இரண்டையும் செய்யவல்லது. இவ்வேறுபாட்டைப் பிரித்தறிய உதவும் ஒட்டுச் சோதனையை யாடசோன் 1895இல் அறிமுகப்படுத்தினார். சிறு வேதிப்பொருள்கள் இவ்வாறு கூருணர்வூட்டவல்லவை என்பதை லாண்ட்ஸ்டைனரும் ஜேக்கப்சும் 1935இல் விலங்காய்வில் காட்டினர். அவை உடற்புரதத்தோடு பிணைவதே இதற்கு அடிப்படை.

நைலான் வலையும், குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப்பின் பெருகிய கண்ணாடியிழைப் படகும், மரத்துக்கும் பருத்திக்கும் உரிய பதனப்பொருளின் தேவையைக் குறைத்தன. ஆனால் நீர் கலந்த சுவர்ப்பூச்சு, ஷாம்பு, ஈரத்துடைப்பான் ஆகியவற்றில் நுண்ணுயிர் வளருமாதலின் அவற்றுக்கும் பதனப்பொருள் வேண்டியிருந்தது. அவற்றுள் ஒன்றான மெத்தில்ஐசோதையசோலினோனை, ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் ஒப்பனைப் பொருள்களில் பத்து இலட்சத்தில் 100 பங்குவரை தனித்துச் சேர்க்க இசைந்தது. ஒவ்வாமை பரவியபின், கழுவாது விடும் பொருள்களில் அதனை 2017இல் விலக்கியது; கழுவிவிடும் பொருள்களில் 2018இல் 15 பங்காகக் குறைத்தது. நுண்ணுயிரின் புரதத்தைத் தாக்கும் வினைத்திறனே தோலின் புரதத்தோடும் பிணைவதால், அளவு குறைப்பதன்றி எளிய வழி இல்லை. புதிதாகப் பூசிய சுவரிலிருந்து இது காற்றில் கலந்தும் தாக்கும். பூச்சு வேலை செய்வோர்க்கு இதுவே பெருந்தீங்கு.

காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் அங்கு உள்ளன. அத்தகைய குடும்பத்தின் ஒரு கிளை பாரிசில் வாங்கும் பூச்சு வாளியில் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டிய வரம்பை ஐரோப்பிய விதி வரையறுக்கிறது. காரைக்காலில் மற்றொரு கிளையின் வீட்டுக்குப் பூச்சடிக்கும் தொழிலாளி திறக்கும் வாளிக்கு அவ்விதி எட்டாது.