தும்மலுக்கும் உண்டு அந்தஸ்து!

1819, மார்ச் மாதம். லண்டனில் மருத்துவர் சங்கக் கூட்டம் ஒன்று. ஜான் போஸ்டாக் என்கிற டாக்டர் எழுந்து ஒரு கட்டுரையைப் படித்தார். 'ஜே.பி.' என்கிற நோயாளியைப் பற்றியது அது. வயது 46. எட்டு வயதிலிருந்தே மனிதருக்கு ஒரு விசித்திரமான தொல்லை. வருடா வருடம் ஜூன் மாதம் பிறந்தால் போதும்... கண் சிவந்து அரிக்கும். மூக்கில் அருவி கொட்டும். அடுக்கடுக்காகத் தும்மல். நெஞ்சு இறுகி மூச்சுவிடத் திணறல். உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றிப் பார்த்தார்கள் (அந்தக் கால வைத்தியம்!). பச்சைத் தண்ணீரில் குளிக்க வைத்தார்கள். அபின்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். ம்ஹூம்! கோடை முடிந்ததும் தொல்லை தானாகவே விடைபெற்றுக்கொள்ளும். அடுத்த ஜூனில் டாண் என்று திரும்பி வரும்.

அந்த 'ஜே.பி.' வேறு யாருமில்லை. ஜான் போஸ்டாக்கேதான்!

'ஹே ஃபீவர்' என்று இன்று நாம் சொல்கிற அலர்ஜியைப் பற்றி மருத்துவ உலகம் முதன்முதலில் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான். தன்னைப் போல வேறு யாரெல்லாம் தும்முகிறார்கள் என்று போஸ்டாக் வலைவீசித் தேடினார். ஒன்பது வருடத் தேடலுக்குப் பிறகு, 1828-ல் அவர் கணக்குக் காட்டியது மொத்தம் 28 பேர். ஆமாம், வெறும் இருபத்தெட்டு! இன்றைக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடத்திலேயே அதைவிட அதிகம் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள்.

அதைவிட வியப்பான விஷயம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அந்த 28 பேருமே வசதியான, நடுத்தர, மேல்தட்டு மக்கள். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இலவச மருந்தகங்களிலும் போஸ்டாக் விசாரித்தார். சந்தேகமில்லாமல் 'இது அதேதான்' என்று சொல்லும்படி ஓர் ஏழைகூட அகப்படவில்லை. லண்டன் சேரிகளில் குதிரைச் சாணத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே வாழ்ந்தவர்களை விட்டுவிட்டு, வெள்ளைக் கைக்குட்டை வைத்திருப்பவர்களை மட்டும் தேடிப் பிடிக்கும் வியாதி! ஏன்? போஸ்டாக்குக்கு விடை தெரியவில்லை. கோடை வெயில்தான் காரணம் என்று கடைசிவரை நம்பினார்.

வெயில் இல்லை, புல்லிலும் பூவிலும் இருந்து கிளம்பும் மகரந்தம்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தவர், மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி. இவரும் தும்மல் கட்சிதான்! மகரந்தத்தைத் தன் மூக்கிலேயே தேய்த்துப் பார்த்தார். தோலைக் கீறி அதன்மேல் தடவிப் பார்த்தார். வானத்தில் எவ்வளவு உயரம்வரை மகரந்தம் பறக்கிறது என்று அறிய, பசை தடவிய கண்ணாடித் துண்டுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டார். 1873-ல் புத்தகமாகவே எழுதிவிட்டார்.

ஆனால், விடை கிடைத்த கையோடு இன்னொரு புதிரும் வந்து நின்றது. மகரந்தம்தான் காரணமென்றால், அதிலேயே புரண்டெழும் விவசாயிதானே அதிகம் தும்ம வேண்டும்? அவருக்குத்தான் இந்தத் தொல்லை அபூர்வம்! பிளாக்லி இரண்டு விளக்கம் சொன்னார். ஒன்று, படிப்பாளிகளின் உடல்வாகு விவசாயிக்கு இல்லை. இரண்டு, தினமும் மகரந்தத்தோடு பழகிப் பழகி அவர் உடம்பு மரத்துவிட்டது. 'பழகிவிட்டது' என்கிற அந்த ஒரு வார்த்தையில் உண்மையின் வால் நுனி அவர் கையில் சிக்கிவிட்டது. பிடித்து இழுக்கத்தான் யாருமில்லை. நூறு வருடங்களுக்கு மேல் அப்படியே கிடந்தது.

அந்த நூறு வருடங்களில் மேலை நாடுகளில் குழாயில் சுத்தமான தண்ணீர் வந்தது. பாதாளச் சாக்கடை வந்தது. தடுப்பூசி வந்தது. குழந்தைச் சாவுகள் மளமளவென்று குறைந்தன. கூடவே, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தும்மலும் ஆஸ்துமாவும் தோல் அரிப்பும் மளமளவென்று ஏறின!

1989-ல் டேவிட் ஸ்ட்ரேச்சன் என்கிற ஆய்வாளர் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். 1958 மார்ச் மாதத்தில், ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த 17,414 குழந்தைகளை 23 வயதுவரை பின்தொடர்ந்த புள்ளிவிவரங்கள் அவர் கையில் இருந்தன. அலசிப் பார்த்தார். வீட்டில் அண்ணன், அக்காக்கள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, கடைக்குட்டிக்கு அத்தனைக்கத்தனை தும்மல் குறைவு! மூத்தது தெருவில் புரண்டு கிருமிகளைக் கொண்டுவந்து தம்பிப் பாப்பாவுக்குத் தாராளமாக சப்ளை செய்கிறது. சின்ன வயதில் வந்துபோன அந்தத் தொற்றுகள்தான் பிற்பாடு அலர்ஜி வராமல் தடுக்கின்றனவோ என்று ஸ்ட்ரேச்சன் சந்தேகப்பட்டார். பின்னாளில் இதற்கு 'சுத்தக் கருதுகோள்' என்று பெயர் வந்தது. அதில் ஒரு வேடிக்கை... அவர் வேலை பார்த்த கல்லூரியின் பெயரிலேயே 'சுகாதாரம்' இருந்தது!

அதே 1989-ல் பெர்லின் சுவர் இடிந்தது. மறு வருடம் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகின. ஒரே இனம், ஒரே மொழி, நாற்பது வருடங்களாக இரண்டு விதமான வாழ்க்கை. விஞ்ஞானிகளுக்கு இதைவிட அருமையான சோதனைச்சாலை கிடைக்குமா? மியூனிக் நகரத்துக் குழந்தை மருத்துவர் எரிக்கா ஃபான் மூட்டியுஸ் களத்தில் இறங்கினார். கிழக்கில் பழுப்பு நிலக்கரிப் புகை வானத்தையே மறைத்துக்கொண்டிருந்தது. ஆகவே அங்கேதான் அலர்ஜி கொடிகட்டிப் பறக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1992-ல் முடிவு வெளியானது. அப்படியே தலைகீழ்! ஹே ஃபீவர், கிழக்கிலிருந்த லைப்ஸிக் நகரத்துக் குழந்தைகளிடம் மியூனிக்கில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்காகப் புகை நல்லது என்று அர்த்தமில்லை. மூச்சுக்குழல் அழற்சி, இருமல் எல்லாம் கிழக்கில்தான் அதிகம். வித்தியாசம் வேறெங்கோ இருந்தது. கிழக்கில் அம்மாக்கள் பெரும்பாலும் வேலைக்குப் போனார்கள். குழந்தைகள் தவழும் வயதிலேயே காப்பகத்தில், மற்ற வாண்டுகளோடு வளர்ந்தன. இப்படிப் பல காரணங்கள் பேசப்பட்டன. 1990-களின் நடுவில் மறுபடி கணக்கெடுத்தபோது, மேற்கத்திய பாணிக்கு மாறியிருந்த லைப்ஸிக்கில் ஹே ஃபீவர் கூடியிருந்தது!

அப்படியானால் நிஜமாகவே காப்பாற்றுவது எது? அடிக்கடி வரும் சளி, காய்ச்சலா? இல்லை, வேறேதாவதா? இதற்கு அழகான சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே இருக்கிறார்கள். இருவருடைய பூர்விகமும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதி. இருவருமே பெரிய குடும்பம், எளிய சாப்பாடு, விவசாயம் என்று வாழ்பவர்கள். ஒரே ஒரு வித்தியாசம். ஆமிஷ்காரர்கள் குதிரை பூட்டி உழுகிறார்கள். மாட்டுக்கொட்டில் வீட்டை ஒட்டியே இருக்கும். நண்டு சிண்டெல்லாம் அங்கேதான் விளையாடும். ஹட்டரைட்காரர்களோ டிராக்டர், மெஷின் வைத்து பிரமாண்டமாகப் பண்ணை நடத்துபவர்கள். பண்ணை தூரத்தில், குழந்தைகள் அந்தப் பக்கம் போவதில்லை. 2016-ல் வெளிவந்த ஆய்வின்படி, ஆஸ்துமா ஆமிஷ் குழந்தைகளில் சுமார் 5 சதவிகிதம், ஹட்டரைட் குழந்தைகளில் சுமார் 21 சதவிகிதம்! ஆமிஷ் வீட்டுத் தூசியை எடுத்து எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஆஸ்துமா அடங்கியது. ஹட்டரைட் வீட்டுத் தூசியிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை.

தூசியில் அப்படி என்ன மந்திரம்? மந்திரம் ஒன்றுமில்லை. பாக்டீரியா... உயிரோடும் செத்தும் கிடக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியாத் துணுக்குகள்.

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு போலீஸ்காரர் என்று வைத்துக்கொள்வோம். யார் திருடன், யார் பால்காரர் என்று பிறக்கும்போதே அவருக்குத் தெரியாது. முதல் சில வருடங்கள் டிரெயினிங். மண், மாடு, நாய், செடி, அண்ணன், அக்கா என்று பல இடங்களிலிருந்து வருகிற தீங்கற்ற கிருமிகளைப் பார்த்துப் பார்த்து, 'இவன் நம்ம ஆளு, விட்டுடு' என்று கற்றுக்கொள்கிறார். அவசரப்பட்டு அவர் லத்தியைத் தூக்கும்போது கையைப் பிடித்து நிறுத்தும் 'ரெகுலேட்டரி டி செல்'கள் என்கிற மேலதிகாரிகளும் அப்படித்தான் உருவாகிறார்கள். டிரெயினிங் போதாவிட்டால்? மகரந்தம் வந்தாலும் தடியடி, வேர்க்கடலை வந்தாலும் துப்பாக்கிச் சூடு! அதற்குப் பெயர்தான் அலர்ஜி.

"அப்படின்னா, அந்தக் காலத்துல பாட்டி சொன்னது சரிதான். புள்ள மண்ணுல புரளட்டும், சளி காய்ச்சல் வந்தா வரட்டும், தடுப்பூசிகூட எதுக்கு?" என்று யாராவது கிளம்பினால்... சற்றுப் பொறுங்கள். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

2003-ல் கிரஹாம் ரூக் என்கிற லண்டன் பேராசிரியர் இந்தக் குழப்பத்தைப் போக்க முயன்றார். நமக்குத் தேவைப்படுவது வியாதிகள் இல்லை, 'பழைய நண்பர்கள்' என்றார். ஆதி மனிதன் காலத்திலிருந்து மண்ணிலும் நீரிலும் விலங்குகளிடமும் நம் குடலிலும் கூடவே இருந்த உயிர்கள்தான் அந்த நண்பர்கள். தட்டம்மை போன்றவை அப்படியல்ல. மனிதன் ஊர், நகரம் என்று கூட்டமாக வாழத் தொடங்கியபின் வந்து ஒட்டிக்கொண்ட பகைவர்கள். தட்டம்மை எதிர்ப்புச் சக்தியை வளர்க்காது, அழிக்கும்! அதுவரை உடம்பு சேர்த்து வைத்திருந்த நோய் எதிர்ப்பு ஞாபகத்தில் பெரும்பகுதியைக்கூட அது துடைத்துவிடலாம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தடுப்பூசியோ, திருடனின் போட்டோவை மட்டும் போலீஸ்காரரிடம் காட்டுகிற வேலை. அதைவிடப் பத்திரமான டிரெயினிங் எது?

அழுக்கிலும் ஜாதி இரண்டு என்று புரிந்துகொண்டால் போதும். தோட்டத்து மண் வேறு. மலம் கலந்த மண் வேறு. முன்னதில் நண்பர்கள். பின்னதில் கொக்கிப்புழு, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இன்றைக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் ஒவ்வொரு வருடமும் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள். ஆகவே, கழிவறைக்குப் போய் வந்தாலும், சாப்பிட உட்கார்ந்தாலும் கை கழுவியே தீர வேண்டும். சாதா சோப்பே போதும். 'கிருமிநாசினி' என்று பிரமாதப்படுத்தி விற்கப்பட்ட சோப்புகள், சாதா சோப்பையும் தண்ணீரையும்விட மேலானவை என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, டிரைக்ளோசான் உள்பட 19 ரசாயனங்களை அத்தகைய சோப்புகளில் சேர்க்க 2016-ல் தடை போட்டது அமெரிக்க அரசு.

கை கழுவுவது ஒரு பக்கம் இருக்கட்டும். மண்ணைத் தொடவே விடாமல் குழந்தையைப் பத்தாவது மாடியில் டைல்ஸ் தரையிலேயே வளர்ப்பது வேறு விஷயம். ஃபின்லாந்தில் சில குழந்தைக் காப்பகங்களின் சரளைக்கல் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் செடிகளையும் கொண்டுவந்து போட்டார்கள். வாண்டுகளை 28 நாட்கள் அதில் தோண்டி விளையாட விட்டார்கள். தோலில் இருந்த நுண்ணுயிர்களின் வகை கூடியது. ரத்தத்தில் அந்த 'மேலதிகாரி' செல்கள் சுறுசுறுப்படைந்த அறிகுறிகளும் தெரிந்தன. 2020-ல் வந்த இந்த ஆய்வு சின்னதுதான். இதனால் அலர்ஜி நிஜமாகவே குறையுமா என்று சொல்ல இன்னும் பல வருடங்கள் பார்க்க வேண்டும். ஆனால் பாதை எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டது.

கடைசியாக, நம் டாக்டர் போஸ்டாக். தும்மல் தொல்லையே இல்லாத ஏழைகளைப் பார்த்து அவர் வியந்தார் அல்லவா? அந்த ஏழைகளின் குழந்தைகளில் ஏராளமானவை ஐந்து வயதைத் தாண்டவில்லை என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். அந்த லண்டனின் தண்ணீர் ஏழை, பணக்காரர் என்று பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஜூன் மாதத்துக்குப் பயந்து நடுங்கிய போஸ்டாக்கைக் கொன்றது தும்மல் இல்லை. 1846, ஆகஸ்ட் மாதத்தில் அவர் இறந்தார்.

காலராவில்!