தரங்கம்பாடிக் கோட்டையும் நக்கவாரத் தீவுகளும்

மரைன் ஹில்லில் வாழும் நம்மவருள் பலர், தமிழகத்திற்கும் இத்தீவுகளுக்கும் உள்ள தொடர்பு நம் முன்னோர் கப்பலேறி வந்த நாளில்தான் தொடங்கிற்று என எண்ணுகின்றனர். அது பிழை என்பதை, விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது தரங்கம்பாடிக் கோட்டை மதிலின்மேல் நின்று உணர்ந்தேன்.

மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையூர் தரங்கம்பாடி. பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சிய பகுதி அலைவாயிலிலேயே நிற்கின்றது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர், ஓவே கெட்டே என்பாரின் தலைமையில் இங்கு டேன்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். கீழ்த்தளத்தில் பண்டகசாலையும் சிறையும். மேல்தளத்தில் ஆளுநர் மனையும் வழிபாட்டறையும். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதும், பின்னர்த் தமிழ் அச்சுக்கூடம் நிறுவியதும் இவ்வூரிலேயே. இன்று அக்கோட்டை அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நாம் அறியவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. 1756ஆம் ஆண்டில் டேனியர் நிக்கோபார்த் தீவுகளைத் தமதெனக் கொண்டு, தம் மன்னர் பெயரால் பிரெடெரிக் தீவுகள் என அழைத்தனர். அத்தீவுகளின் ஆட்சி தரங்கம்பாடியிலிருந்தே நடந்தது. குடியேறியவர்களைக் காய்ச்சல் வாட்டியது. 1768இல் நான்கௌரியில் தங்கிய மொராவியச் சபைத் தொண்டர்களும், பலரைப் பறிகொடுத்தபின் 1787இல் அவ்விடத்தைக் கைவிட்டனர். 1845இல் தரங்கம்பாடியும், 1868இல் நிக்கோபார் உரிமையும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன. கோட்டையும் பீரங்கியும் உடையவர் நிலைபெறவில்லை. காட்டையும் கடலையும் அறிந்த நிக்கோபார்த் தொல்குடியினரோ அவர்களுக்கு முன்னும் வாழ்ந்தனர், பின்னும் வாழ்கின்றனர். குடியேறி வாழும் நாம் நெஞ்சிற் கொள்ளத்தக்க பாடம் இது.

டேனியருக்கும் முற்பட்டது நம் தொடர்பு. இராசேந்திர சோழரின் கடல்கடந்த வெற்றிகளைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, மாநக்கவாரம் என்று நிக்கோபாரைக் குறிக்கின்றது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபாரையும் தரங்கம்பாடியையும் ஒரே நாளில் தாக்கிற்று. கோட்டைக்கு வெளியே, அன்று உறவினரை இழந்த மீனவ மூதாட்டி ஒருவரைக் கண்டேன். நான் அந்தமானிலிருந்து வருகிறேன் என்றதும், "அங்கேயும் இந்தக் கடல்தானே, தம்பி?" என்றார். ஏட்டிற் படித்த வரலாறு அனைத்தும் அவ்வொரு வினாவில் அடங்கிவிட்டது.

அன்பர்களே! அடுத்த முறை ஊர் செல்லும்போது, உங்கள் மக்களை ஒருநாள் தரங்கம்பாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். மதிலின்மேல் நிறுத்திக் கிழக்கே காட்டுங்கள். "இக்கடலின் மறுகரையில் நம் வீடு இருக்கிறது" என்று சொல்லுங்கள். இரு கரையும் நமக்கு உரியன என்பதை அவர்கள் மறவார்.