துப்பாக்கித் தொலைநோக்கி

துப்பாக்கித் தொலைநோக்கி என்பது குறிபார்த்துச் சுடுவதற்காகத் துப்பாக்கிக் குழலின் மேற்புறத்தில் பொருத்தப்படும் சிறு தொலைநோக்கி ஆகும். மான் வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில் இது வேட்டையாடுவோரின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று. இந்தியாவில் மான் வேட்டை குற்றமாகும். ஆகவே புள்ளிமான்கள் வாழும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இதற்கு வேட்டைப் பயன் ஏதுமில்லை. எனினும் இதன் தரத்தை எடைபோடும் முறை, அங்கு மானையும் பறவையையும் காண உதவும் இருகண் நோக்கிகளுக்கும் பெரிதும் பொருந்தும்.

அமைப்பு

முன்முனையிலுள்ள பொருளருகு லென்சு தலைகீழான உருவத்தைத் தோற்றுவிக்கிறது. இடையிலுள்ள லென்சுகள் அதனை நிமிர்த்த, கண்ணருகு லென்சு பெரிதாக்கிக் காட்டுகிறது. பார்வைப் புலத்தின் நடுவில் குறுக்கிழைகள் தெரியும். குண்டு விழும் இடமும் குறுக்கிழை காட்டும் இடமும் ஒன்றாகும்படி இரு திருகுகளால் சரிசெய்வர். பல கருவிகளில் திருகின் ஒரு சொடுக்கு கால் கோண நிமிடம். அதாவது 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 7 மி.மீ.

கண்ணுக்கும் கருவிக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இடைவெளி வேண்டும். இது குறைந்தால், துப்பாக்கி பின்னுதைக்கும்போது கருவியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

இவ்வகைக் கருவிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவத் தொடங்கின. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-1865) குறிசுடுநர்கள் இவற்றைப் பயன்படுத்தினர்.

மலிவு விலைக் கருவியைத் தேர்தல்

பரவலாக விற்கப்படுவது 3-9×40 என்னும் வகை. உருப்பெருக்கம் 3 முதல் 9 மடங்கு வரை மாறும் என்பதையும், பொருளருகு லென்சின் விட்டம் 40 மி.மீ. என்பதையும் இவ்வெண்கள் குறிக்கின்றன. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 9 மடங்கில் அது 4.4 மி.மீ.; 4 மடங்கில் 10 மி.மீ. மான்கள் மிகுதியாக நடமாடும் வைகறையிலும் அந்தியிலும் கண்மணி அகன்று, இருளில் 7 மி.மீ. வரை விரியக்கூடும். எனவே 24 மடங்கு பெரிதாக்கும் 50 மி.மீ. கருவி, அதாவது 2.1 மி.மீ. கற்றை, அந்நேரத்தில் மங்கலாகவே காட்டும். கை நடுக்கத்தையும் அது 24 மடங்காக்கும். குறைந்த விலையில் பெரிய எண்களைக் காட்டி விற்கப்படும் கருவிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. அதே விலையில் 4 மடங்கு நிலையான கருவி அசையும் உறுப்புகள் குறைந்தது, ஆகையால் உறுதியானது.

எல்லாவற்றிலும் முதன்மையானது குறி மாறாத தன்மை. பின்னுதைப்பில் உள்ளுறுப்புகள் நகர்ந்துவிட்டால் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி 20 செ.மீ. அளவினதே. குறி சிறிது பிசகினாலும் விலங்கு உடனே இறவாமல் காயத்துடன் ஓடி, எங்கோ கிடந்து துன்புற்று மடியும். பிணைப்பு வளையங்களில் சிக்கனம் பார்ப்பதும் இதே கேட்டைத் தரும்.

ஒரே மான், இரு சட்டங்கள்

இந்தியாவின் புள்ளிமான் 1860களில் அவாய்த் தீவுகளுக்கும், 1932இல் டெக்சசுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. இயற்கை எதிரிகள் இல்லாத அவாயில் பெருகிப் பயிரையும் காட்டையும் அழிப்பதால், அங்கு இத்தகைய தொலைநோக்கிகளைக் கொண்டே அது வேட்டையாடப்படுகிறது.

இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 தொடக்கத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட இடமளித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. துப்பாக்கி மட்டுமன்றி, கண்ணி, பொறி, நஞ்சு ஆகியவற்றால் பிடிப்பதும் கொல்வதும் வேட்டையே. மான்கள் மேய்ந்து பயிர் அழிந்தாலும் உழவர் தாமாகச் சுட இயலாது. வனத்துறையின் எழுத்து வடிவ அனுமதியின்றி எதுவும் செய்தல் குற்றம்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில்

பெரம்பலூர் மாவட்டத்தின் காடுகள் சிறியவை, வறண்டவை. அவற்றைச் சூழ்ந்து மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. கோடையில் நீர் தேடி வெளிவரும் மான்கள் சுற்றுச்சுவரில்லாத கிணறுகளில் விழுகின்றன, நாய்களால் கடிபடுகின்றன, திருச்சிராப்பள்ளி-சென்னை தேசிய நெடுஞ்சாலையில் வாகனங்களில் அடிபடுகின்றன. கள்ள வேட்டைக்குப் பயன்படும் நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் குழல்வாய் வழியே மருந்து கெட்டித்துச் சுடும் வகையாகும். உட்புறம் வழவழப்பான அதன் குழலிலிருந்து செல்லும் குண்டு தொலைவில் குறி தவறுமாதலால், தொலைநோக்கி பொருத்துவதில் பொருளில்லை.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இங்கு வருகின்றன. இவற்றைக் காண வருவோர் இருகண் நோக்கி வாங்கும்போதும் மேற்கண்ட கணக்கே உதவும்: 8×42 கருவியின் ஒளிக்கற்றை 5.25 மி.மீ.; காலை ஒளிக்கு இது போதுமானது. பின்னுதைப்பைத் தாங்க வேண்டிய தேவை இல்லாததால், செலவிடும் பணம் முழுவதும் கண்ணாடியின் தெளிவுக்கே செல்லலாம்.