ஊராத்துறையிற் கரையேறிய படைப்பொருள்கள்



படை நடத்துவோர்க்கு வீரம் வேண்டும். அதனோடு கணக்கும் வேண்டும். தன்னிடம் உள்ளது யாது, அஃது எவ்வகையினது, எங்கிருந்து வந்தது என்று அறியாத சேனை, பொருள் நிறைந்திருந்தும் வறுமையுற்றதேயாகும். இக்காலத்து மேனாட்டுப் படைகள் தம் பண்டசாலையிலுள்ள ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 13 இலக்கங்கள் கொண்ட எண்ணொன்றை வழங்குகின்றன. அவற்றுள் முதல் 4 இலக்கங்கள் பொருளின் வகுப்பைக் குறிக்கும். அடுத்த 2, அதனைப் பதிவு செய்த நாட்டைக் குறிக்கும். எஞ்சிய 7, அப்பொருளையே சுட்டும். எண்ணுவதற்கு முன் வகுத்தல் வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை.

இவ்வெண்ணம் புதியதன்று. குதிரைகளை அவை வந்த வழி, வயது, நிறம், அடையாளம், இனம் என்பவற்றோடு ஏட்டிற் பதிதல் வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. நம் தீவகத்திலும் இதனோடு தொடர்புடைய அரிய சான்றொன்று உண்டு. அதுவே நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம். 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வருதல் வேண்டும், அவர்களுக்குக் காவல் அளித்தல் வேண்டும் என்று அச்சாசனம் கூறுகின்றது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொணரும் கப்பல் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு; மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்குக் கப்பல் உடைந்தாலோ, சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

ஆயிரம் காசு பெறுமதியுள்ள பொருள் கரை சேர்ந்தது என்று கொள்வோம். படைக்குரிய கப்பலாயின் வணிகன் 750 காசு பெறுவான். மற்றையதாயின் 500 காசே பெறுவான். ஆகவே, உடைந்த கப்பல் எவ்வகையினது என்று துறையிலே ஒருவர் ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லியிருத்தல் வேண்டும். வணிகனின் வாழ்வும் தாழ்வும் அத்தீர்ப்பிலே தங்கின.

முன்னாளில் உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் கவர்ந்துகொண்ட அரசரும் உளர். காகதீய கணபதிதேவர் 1244ஆம் ஆண்டு மோட்டுப்பள்ளிச் சாசனத்தில் அவ்வழக்கத்தைக் குறிப்பிட்டே அதனைக் கைவிட்டார். அவருக்கு முன்னரே பராக்கிரமபாகு ஒரு பங்கை வரையறுத்தார்; படைப்பொருளுக்கு மேலும் சலுகை தந்தார். காரணம் வெளிப்படை. நல்ல குதிரை கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. யானை வாணிகம் பற்றிய பிணக்கு, பர்மிய நாட்டின்மீது அம்மன்னர் படையெடுத்தமைக்கு ஒரு காரணம் என்று சூளவம்சம் கூறுகின்றது.

இத்துறையின் போர்ச்சிறப்பைச் சோழரும் அறிந்திருந்தனர். ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டியதையும், சோழர் படை அவ்விடங்களை அழித்து யானைகளைக் கவர்ந்ததையும் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுச் சாசனம் உரைக்கின்றது. ஆணை கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது. அது காக்க முயன்ற யானைகளோ எதிரியின் கணக்கிற் சேர்ந்தன. எனினும், கடலில் நட்டமுற்ற அயலானுக்கும் உரிய பங்கை அளந்து கொடுத்த நீதி அக்கல்லிலே நிலைபெற்றது. நயினாதீவுக்கு யாத்திரை செல்லும் அன்பர்கள், அம்மனை வணங்கியபின் அக்கல்லையும் ஒருமுறை பார்த்து வருவார்களாக.