நெடுந்தீவுக் குதிரைகளும் தேசியப் பூங்காவும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறென்று சொல்லத்தக்கது வேறொன்றுமில்லை. ஆகவே ஆற்றிடைக்குறையில் அமைந்த வனவிலங்குக் காப்பிடத்தை இங்கு எவரும் தேடார். ஆயினும் கடலிடைத் தீவொன்றில் அமைந்த காப்பிடம் எமக்குண்டு. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்த சுண்டிக்குளம் 2015ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டபோது, நெடுந்தீவின் ஒரு பகுதியும் அத்தகுதியைப் பெற்றது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவில் 1,800 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான நிலம், அதாவது மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டது, பூங்காவின் எல்லைக்குள் அடங்குகின்றது.

சுண்டிக்குளத்தில் காக்கப்படுவது எதுவென்று கேட்டால் விடை எளிது: நீரேரியும், பூநாரை முதலாய வலசைப் பறவைகளும். நெடுந்தீவில் அவ்வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. அங்கே யானையில்லை, சிறுத்தையில்லை. காண வருவோரின் கண்ணுக்குப் படும் பெருவிலங்கு மட்டக்குதிரையே. அதுவோ பிறப்பால் காட்டு விலங்கன்று. ஒருகாலத்து அரசாங்கச் சொத்து உடையவனின்றி எஞ்சி நின்று, இன்று வனவிலங்கெனப் பெயர் பெற்றுள்ளது. இப்பெயர் மாற்றம் நிகழ்ந்த வரலாற்றையே ஈண்டு நோக்க முற்படுகிறோம்.

குதிரை இத்தீவுகளுக்கு ஐரோப்பியரால் மட்டும் அறிமுகமானது என்பது பொதுவான எண்ணம். நயினாதீவில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டை அறிந்தோர் அவ்வாறு முடிந்த முடிபாகக் கூறத் தயங்குவர். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்ட அக்கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகருக்குப் பாதுகாப்பளிப்பதோடு, உடைந்த மரக்கலங்களின் சரக்கு பற்றிய விதியொன்றையும் வகுக்கின்றது. பிற பண்டங்களை ஏற்றிய கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் நாலிலொரு பங்கே பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. இவ்விலங்குகள் அரசுக்கு வேண்டியவை என்பதே இச்சலுகைக்குக் காரணம். படைக்கும் பவனிக்கும் குதிரை தேவைப்பட்ட அரசு, அதனைக் கொணரும் வணிகனுக்கு இழப்பைக் குறைத்துக் கொடுத்தது. வணிக வரலாற்றில் அரச தேவை சுங்க விதியாக உருவெடுத்தமைக்கு இதைவிடத் தெளிவான சான்று ஈழத்துக் கல்வெட்டுகளில் அரிது என்பது எமது கருத்து. ஆனால் இக்கல்வெட்டு கூறுவது இறக்குமதியையே, வளர்ப்பை அன்று.

வளர்ப்புக்கு வேறொரு பொருளாதாரம் வேண்டும். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுத்தீவு என்னும் பொருள்பட அழைத்தனர். அப்பெயரே அதன் மேய்ச்சல் வளத்துக்குச் சான்று. 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அவையெல்லாம் மறைந்தொழிய, டெல்வ்ற் என்பது மட்டும் நெடுந்தீவின் ஆங்கில வழக்கில் நிலைத்துவிட்டது. குதிரையை வைத்திருந்தவர்களின் பெயரும் குதிரையோடு தங்கிவிட்டது போலும்!

ஒல்லாந்தக் கும்பனி யாழ்ப்பாணத்தைப் பெரும் வருவாய் நிலமாகக் கண்டது. வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியே குடாநாட்டுக்குள் கொணரப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. தீவுகளிலோ குதிரை வளர்க்கப்பட்டது. தளபதி சுவார்டகுரோன் 1697இல் தம் பின்வந்தோருக்கு எழுதிவைத்த அறிக்கையில் யானை, சாயவேர், பனம்பொருள் முதலிய வருவாய்களோடு தீவுகளின் குதிரை வளர்ப்பும் இடம்பெற்றுள்ளது. தீவைத் தெரிந்தமைக்குக் காரணம் வெளிப்படை: கடலே வேலி, புல்வெளியே தீவனம், காவற்செலவு சொற்பம். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லெப்டினன்ற் நோலன் என்பாரின் பொறுப்பில் இவ்வளர்ப்புத் தொடர்ந்தது. முருகைக்கற்றூண்கள் நிரைநிரையாக நிற்கும் குதிரைலாய இடிபாடு இன்றும் காணத்தக்கது. படைத்தேவை மாறவும் இலாபம் குன்றவும் அரசு கைவிட்டது. குதிரைகள் வெளியிலே நின்றுவிட்டன.

இத்தூண்களைச் சுட்டிப் பேசுவோர் எப்போதும் ஆண்டவர் பெயரையே கூறுவர். கடலோரத்து முருகைக்கல்லைச் சுமந்தவர் யார், கோடையில் தொட்டிகளுக்கு நீர் இறைத்தவர் யார் என்பதை எந்தப் பெயர்ப்பலகையும் கூறுவதில்லை. ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணத்தில் ஊழியம் என்னும் கட்டாய வேலை குடிகள்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதை நாம் அறிவோம். நெடுந்தீவின் காணிகளைச் சுற்றிச் சாந்தின்றி அடுக்கப்பட்ட முருகைக்கல் வேலிகள், அரசாங்கக் கட்டடங்களை விட நெடிது வாழ்ந்திருப்பவை. அவை அம்மக்களின் கைவேலை.

ஒப்புநோக்குக்கு அசாமின் டிப்ரு–சைகோவா பூங்காவைக் கருதலாம். பிரமபுத்திராவும் லோகித்தும் சூழ்ந்த அவ்வாற்றிடைத் தீவு 1999இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கும் புகழ்பெற்றவை காட்டுவாழ்வுக்குத் திரும்பிய குதிரைகளே. இரண்டாம் உலகப் போரின்போது படைமுகாம்களில் விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள் அவை என்பர். அப்பூங்காவுக்குள் லைக்கா, தோதியா என்னும் ஊர்களில் மிசிங் இன மக்கள் நீண்டகாலம் வாழ்ந்தனர். பூங்கா என்ற அறிவிப்பு, மக்களின் சொந்த ஊரையே சட்டத்துக்குப் புறம்பானதாக்கியது. 2020 மே மாதம் அயலிலுள்ள பாக்ஜான் எண்ணெய்க் கிணறு வெடித்தது. பின்னர் மூண்ட தீ பல மாதங்கள் எரிந்தது. அவ்வழிவைக் கொணர்ந்தது அம்மக்களின் மாடும் தோணியுமல்ல.

நெடுந்தீவில் நிலைமை அவ்வளவு கடுமையானதன்று; ஆனால் முரண்பாட்டின் வித்து ஒன்றே. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின்படி தேசியப் பூங்காவினுள் வீட்டுவிலங்குகளைக் கொண்டுசெல்வதும் மேயவிடுவதும் குற்றமாகும். தீவின் குடிகளுக்கோ மீன்பிடியும் பனையும் கால்நடையுமே சீவனோபாயம். இவ்வாறு, கும்பனியின் சொத்தாயிருந்த குதிரை சட்டத்தின் காவலைப் பெறுகின்றது. அதே புல்லைப் பன்னெடுங்காலம் மேய்ந்த குடியானவனின் பசுவோ, பசுத்தீவிலேயே அத்துமீறி நுழைந்ததாகின்றது. குதிரைகள் காக்கப்பட வேண்டியவை என்பதில் எமக்கு மறுப்பில்லை. கைவிடப்பட்ட விலங்கு தலைமுறை தலைமுறையாக வறள்நிலத்தில் தாக்குப்பிடித்தமை உயிரியலாளருக்கும் அரிய ஆய்வுப்பொருள். ஆனால் காப்பின் செலவை எவர் ஏற்பது என்பதே வினா.

அச்செலவு பெரும்பாலும் நீரேயாம். சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண்படை. அதன் கீழே உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீர் வில்லை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். நன்னீர்க் கிணறுகள் தீவில் எண்ணிச் சொல்லத்தக்கவை. மழை பொய்த்த ஆண்டுகளில் குளங்குட்டைகள் வற்ற, குதிரைகள் வெளியிலேயே மடிந்துள்ளன. தப்பியவை குடிமனைகளை நாடி வருகின்றன. அப்போது தொட்டியில் ஒரு வாளி நீர் ஊற்றுபவர், தம் பிள்ளைகளுக்கும் அதே கிணற்றிலிருந்து நீர் சுமக்கும் பெண்களே. பூங்காவின் எல்லை வரைபடத்தில் அக்கிணறுகள் எங்கே வருகின்றன, அவற்றின்மீது ஊராருக்குள்ள உரிமை எழுத்தில் உள்ளதா என்பவற்றை, முகாமைத் திட்டம் வகுப்போர் புல்வெளியை அளக்குமுன் ஊர்ச் சங்கங்களோடு இருந்து தீர்த்துக்கொள்ள வேண்டும்.